உப்பு இருந்த இடம்

ஒரு தடித்த கயிறு. அதில் மேலிருந்து கீழாகச் சுருக்குச் சுருக்காகத் தொங்கும் துண்டுக் கயிறுகள். ஒவ்வொரு சுருக்கிலும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் கயிற்றைப் பிடித்திருக்கிறார், கால்களைத் தாங்க ஒன்றுமில்லை. கீழே இருட்டு. 1645-இல் வில்லெம் ஹோண்டியஸ் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட போலந்து உப்புச் சுரங்கப் படங்களில் மனிதர்கள் இப்படித்தான் இறங்குகிறார்கள். மார்சின் ஜெர்மன் என்ற சுரங்க நில அளவர் தயாரித்த வரைபடங்கள்தான் ஹோண்டியஸுக்கு ஆதாரம். அளவரின் கோடுகளைச் சுற்றிலும் ஓவியர் வேலையாட்களை நிரப்பியிருக்கிறார். ஒருவன் பாறையைக் கொத்துகிறான், ஒருவன் உருட்டுகிறான், குதிரைகள் பாரம் தூக்கும் செக்கைச் சுற்றுகின்றன. உலகத்தில் எந்தத் தொழிலாளியின் வேலையிடமும் அந்தக் காலத்தில் இவ்வளவு நுணுக்கமாக வரையப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தச் சுரங்கம் வியெலிச்காவில் இருக்கிறது. போலந்தின் பழைய தலைநகரான கிராக்கோவிலிருந்து தென்கிழக்கே சுமார் 14 கிலோமீட்டர். இன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து பார்க்கும் இடம். பூமிக்கு அடியில் உப்பிலேயே செதுக்கிய தேவாலயம், உப்புப் படிகங்களால் ஆன சரவிளக்கு, உப்புச் சிலைகள், உப்பு ஏரிகள் என்று சொல்வார்கள். உலகின் விசித்திரமான சுற்றுலா இடங்கள் என்று யார் தொகுத்தாலும் இந்தப் பெயர் வந்துவிடும். மகள் கிராக்கோவில் வேலைக்குப் போனதால் எனக்கு அங்கே போகும் வாய்ப்பு அமைந்தது.

நான் தூத்துக்குடிக்காரன். அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. விடியும் முன்பே பாத்திக்குள் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்கும் ஆண்களையும் பெண்களையும் பார்த்து வளர்ந்தவன். அதனால் வியெலிச்காவில் எல்லோரும் அண்ணாந்து சரவிளக்கைப் பார்த்தபோது என் கண் வேறொன்றில் நின்றது. எங்கள் ஊரில் உப்பு வாருகிறவர்களின் உழைப்புக்கு நிலத்தில் அடையாளம் கிடையாது. ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தி, வரப்பு எல்லாம் கரைந்து ஒரே தண்ணீர்க்காடாகிவிடும். தையில் மறுபடியும் சேற்றை மிதித்துப் பாத்தி கட்டித் தொடங்க வேண்டும். நூறு வருடம் வாரிய உப்பு எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. வியெலிச்காவில் காட்டலாம். எழுநூறு வருட உழைப்பு அங்கே வெற்றிடமாக நிற்கிறது. ஒவ்வொரு கூடமும், அங்கிருந்து எடுத்துப்போன உப்பின் அளவு.

நான் இதை உவமையாகச் சொல்லவில்லை. அந்த மண்ணின் அமைப்பே அப்படி. சுமார் ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடல் வற்றி உப்பு படிந்தது. பிறகு கார்பாத்திய மலைகள் தெற்கிலிருந்து நெருக்கித் தள்ளியபோது அந்த உப்புப் படுகை மடிந்து, நொறுங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. அடியில் உப்பு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. மேற்பகுதியில் களிமண்ணுக்குள் பெரிய பெரிய பாளங்களாகச் சிதறிக் கிடந்தது. வேலையாட்கள் ஒரு பாளத்தைக் கண்டுபிடித்தால் அது தீரும்வரை வெட்டுவார்கள். தீர்ந்ததும் அடுத்த பாளத்தைத் தேடிப் போவார்கள். அதனால்தான் மேல்தளங்களில் உள்ள அறைகளுக்குச் சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை. பாளம் எந்த வடிவமோ அந்த வடிவம் அறைக்கு. ஏறத்தாழ 2,400 அறைகள், 245 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதைகள், 9 தளங்கள், 327 மீட்டர் ஆழம். சுற்றுலாப் பயணி நடப்பது இதில் மூன்றரைக் கிலோமீட்டர்தான்.

அந்த உப்பு வெள்ளையும் இல்லை. சாம்பல் நிறத்தில், லேசான பச்சை ஓடி, கருங்கல் போலத்தான் இருக்கும். மண் கலந்ததால் வந்த நிறம் அது. சுவரில் கை வைத்தால் வழவழவென்று குளிர்ந்திருக்கிறது. எங்களை அழைத்துப் போன வழிகாட்டிப் பெண் சுவரை நக்கிப் பார்க்கச் சொன்னார். குழந்தைகள் உடனே நக்கினார்கள். நானும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல் உப்பில் கடைசியில் வரும் அந்த லேசான கசப்பு இதில் இல்லை. எங்கள் ஊரில் உப்பு இறங்கிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசிவுநீரைத் திறந்து விட்டுவிடுவார்கள், அதில்தான் அந்தக் கசப்பு போகும். இங்கே அந்த வேலையைக் கடல் தானே செய்து முடித்துவிட்டுப் போயிருக்கிறது.

பாறை உப்பைத் தோண்டுவது பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கியது. ஆனால் அங்கே உப்புத் தொழில் அதைவிடப் பல ஆயிரம் ஆண்டுகள் பழையது. தரைக்கு மேலே ஊறி வந்த உவர்நீரை மண்பாண்டத்தில் ஊற்றிக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். எங்களுக்கு வெயில், அவர்களுக்கு விறகு. ஊற்று குறையக் குறையக் கிணறு தோண்டினார்கள். கிணற்றை ஆழமாக்கிக்கொண்டே போனபோது கடப்பாறை பாறையில் பட்டது. அந்தப் பாறையே உப்பாக இருந்தது.

அந்த ஊர் மக்கள் இதை வேறு மாதிரி சொல்வார்கள். ஹங்கேரி மன்னர் நான்காம் பேலாவின் மகள் கிங்கா, போலந்து இளவரசர் போலெஸ்வாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். பிறந்த வீட்டிலிருந்து பொன்னும் மணியும் வேண்டாம், போகிற நாட்டில் உப்பு இல்லை, உப்புதான் வேண்டும் என்று கேட்டாள். அப்பா ஒரு உப்புச் சுரங்கத்தையே கொடுத்தார். அவள் தன் மோதிரத்தை அதற்குள் போட்டுவிட்டுப் புறப்பட்டாள். போலந்துக்கு வந்ததும் ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னாள். முதலில் வெட்டியெடுத்த உப்புக்கட்டியை உடைத்தால் உள்ளே அந்த மோதிரம். உப்பைச் சீதனமாகக் கேட்ட ஒரு பெண்ணைத் தங்கள் தெய்வமாக அந்த மக்கள் வைத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. 1999-இல் இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர், தாமே கிராக்கோவில் பேராயராக இருந்தவர், கிங்காவைப் புனிதராக அறிவித்தார். சுரங்கத் தொழிலாளர்கள் அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே அறிவித்துவிட்டிருந்தார்கள்.

உப்பு இருந்த இடத்தில் அரசன் கை இல்லாமல் இருந்ததில்லை. வேதாரண்யத்தில் 1930-இல் ராஜாஜி தலைமையில் ஒரு பிடி உப்பை அள்ளியதற்கு ஏன் தடியடி விழுந்தது என்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வியெலிச்காவும் அதற்குக் கிழக்கே உள்ள போஹ்னியா சுரங்கமும் போலந்து மன்னருக்கே சொந்தம். மன்னர் கஸிமிர் காலத்தில், அதாவது பதினான்காம் நூற்றாண்டில், கருவூல வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்த உப்பிலிருந்து வந்தது. 1368-இல் அவர் சுரங்கத்துக்கென்றே ஒரு சட்டம் எழுதவைத்தார். யார் வெட்டுவது, யார் விற்பது, யாருக்கு என்ன கூலி என்பது வரைக்கும் அதில் உண்டு. அதற்கு நான்கு வருடம் முன்பு, 1364-இல், அவர் கிராக்கோவில் பல்கலைக்கழகம் நிறுவியபோது ஆசிரியர்களின் சம்பளத்துக்கு வியெலிச்கா உப்பு வருமானத்தைத்தான் எழுதிவைத்தார். பின்னாளில் கோப்பர்நிக்கஸ் படித்தது அங்கேதான். இருட்டில் உப்பு வெட்டிய ஆளின் கூலி போக மிஞ்சிய காசில் வானத்தைப் படித்தார்கள்.

வெட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். சுவரில் பெரிய உருளை ஒன்றின் விளிம்பைக் குறித்துக்கொண்டு சுற்றிலும் பள்ளம் கொத்துவார்கள். பிறகு ஆப்பு அடித்து மொத்தமாகப் பெயர்ப்பார்கள். அதை இரண்டு பக்கமும் தட்டி உருட்டித் திரட்டிப் பீப்பாய் வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். பல ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். பீப்பாய் வடிவம் ஏன் என்றால், உருட்டத்தான். அத்தனை கனத்தைத் தூக்க முடியாது, இழுக்கவும் இடமில்லை. சரிவான பாதைகளில் உருட்டிக் கொண்டுபோய்த் தூக்குகுழியின் அடியில் சேர்ப்பார்கள். உடைந்த துண்டுகளும் பொடியும் மரப் பீப்பாய்களில் அடைபடும். மேலே குதிரைகள் செக்கைச் சுற்ற, கயிறு சுருண்டு பாரம் ஏறும். சுரங்கம் ஆழமாக ஆக, மேலே இருக்கும் ஒரே செக்கு போதவில்லை. தளத்துக்குத் தளம் கைமாற்றித் தூக்க வேண்டியிருந்தது. பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் குதிரைகளையும் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அடியிலேயே லாயம், அடியிலேயே தீனி. அப்படி இறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை திரும்ப வெயிலைப் பார்த்ததில்லை. கடைசிக் குதிரைக்குப் பெயர் பாஷ்கா. அதை மேலே கொண்டுவந்தது 2002-இல்தான். கணினி எல்லாம் வந்த பிறகும் அங்கே ஒரு குதிரை வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது சுற்றுலாப் பயணிகள் இறங்குவது 1635-இல் வெட்டத் தொடங்கிய தனிலோவிச் குழி வழியாக. மரப்படிகள் மட்டும் 380-ஐ ஒட்டி. ஒரே மாதிரித் திருப்பம், ஒரே மாதிரிப் படி. இடுக்கில் கீழே எட்டிப் பார்த்தால் கைப்பிடிச் சட்டங்கள் முடிவில்லாமல் சிறுத்துக்கொண்டே போகின்றன. முதல் தளம் 64 மீட்டர் ஆழத்தில். அங்கே நின்றவுடன் கண்ணில் படுவது உப்பு அல்ல, மரம். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் தடித்தடியான மரங்களைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, கூரை இறங்காமல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வெளிச்சம் தெறிக்கச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். சில மரங்கள் பல நூறு ஆண்டு பழையவை. உப்பு ஊறிப்போனதால் மக்கவில்லை, கல்லாக இறுகிவிட்டன. தட்டிப் பார்த்தேன், மரத்தின் சத்தமே வரவில்லை.

மிஹாவோவிட்ஸே என்றொரு கூடம். உயரம் சுமார் 35 மீட்டர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரே பாளத்தை வெட்டி வெட்டி உண்டான வெற்றிடம். மரச்சட்டங்கள் கோயில் கோபுரத்துச் சாரம் போலக் கூரை வரை ஏறுகின்றன. இதை வெட்டத் தொடங்கியவன் முடிவைப் பார்த்திருக்க மாட்டான். அவன் பேரன் பார்த்திருப்பானா என்பதும் சந்தேகம்தான். சுற்றுலாக் கூட்டம் இங்கே நிற்பதில்லை. தேவாலயத்தைப் பார்க்கும் அவசரத்தில் நடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முழுச் சுரங்கத்திலும் கண்டிப்பாக நிற்க வேண்டிய இடம் இதுதான்.

தேவாலயங்களுக்கு வருவோம். அவை அழகுக்காகப் பிறக்கவில்லை, பயத்தில் பிறந்தவை. சுரங்கத்துக்குள் மீத்தேன் கசியும். காற்றைவிட லேசானது என்பதால் கூரையோரம் சேரும். ஆட்களோ கொழுப்பு விளக்கை ஏந்தி வேலை பார்த்தார்கள். ஒரு பொறி போதும். அதனால் சேர்ந்த வாயுவை முன்கூட்டியே எரித்துவிடுவதற்கென்று சில பேர் இருந்தார்கள். நனைத்த துணியைப் போர்த்திக்கொண்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து, நீண்ட கழியின் நுனியில் தீப்பந்தத்தைக் கட்டி மேலே நீட்டுவார்கள். கொஞ்சமாக இருந்தால் நீலமாக எரிந்து அடங்கும். அதிகமாக இருந்தால் ஆள் திரும்பமாட்டான். வேண்டிக்கொண்டே தவழும் அந்தக் கோலத்தைப் பார்த்து அவர்களைப் பாவம் கழிப்பவர்கள் என்று மற்றவர்கள் அழைத்தார்கள். சுரங்கத்தில் இந்தக் காட்சியைப் பொம்மைகளாக வைத்திருக்கிறார்கள். தவழும் அந்த மனிதனின் முதுகைப் பார்த்த பிறகு, உப்பு விலை மலிவு என்று இனி யாராவது சொன்னால் எனக்குக் கேட்கப் பிடிக்காது.

வாயு மட்டுமல்ல. 1644-இல் பிடித்த தீ மாதக்கணக்கில் எரிந்தது. அத்தனை மரத்தை முட்டுக் கொடுத்த இடத்தில் தீப்பிடித்தால் எப்படி அணைப்பது? தண்ணீர் விடவும் முடியாது, நல்ல தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து கூரையே இறங்கிவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் காலையில் இறங்கும் ஆள், கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போக நினைப்பது இயல்பு. வெட்டி முடித்த அறையைத்தான் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். கையில் கல்லுளி இருந்தது, சுற்றிலும் உப்பு இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கிய புனித அந்தோணியார் சிற்றாலயம் இன்றும் இருக்கிறது. அங்கே உள்ள சிலைகளுக்கு இப்போது மூக்கு இல்லை, விரல் இல்லை. மேலேயிருந்து வந்த ஈரக்காற்று அந்த முகங்களை நக்கி நக்கித் தேய்த்துவிட்டது. துறவியின் அங்கி மடிப்பு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தேய்ந்துபோன அந்தச் சிலைகளின் முன்னால் நான் அதிக நேரம் நின்றேன். நம் ஊரில் கடற்காற்று தின்ற பழைய கோயில் கல்லைப் பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் புதிதல்ல.

எல்லோரும் பார்க்கத் துடிக்கும் புனித கிங்கா ஆலயம் அவ்வளவு பழையதல்ல. 1896-இல் தொடங்கினார்கள். 101 மீட்டர் ஆழம், 54 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரம். யூசெஃப் மார்கோவ்ஸ்கி தொடங்கினார், அவர் தம்பி தோமாஷ் தொடர்ந்தார், 1927-க்குப் பிறகு அந்தோனி விரோடெக் 1963 வரை செதுக்கினார். மூவருமே சுரங்கத் தொழிலாளிகள். பீடம் உப்பு, பிரசங்க மேடை உப்பு, தரையில் ஓடு பதித்தது போலத் தெரிவதும் ஒரே உப்புப் பாறையில் கீறிய கோடுகள்தான். சரவிளக்கில் தொங்கும் துண்டுகள் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்த படிக உப்பு.

விரோடெக் செதுக்கிய கடைசி இராப்போஜனம் ஒரு பக்கச் சுவரில் இருக்கிறது. லியோனார்டோவின் ஓவியத்தைப் பார்த்துச் செய்தது. எட்ட நின்றால் மேசை பின்னோக்கி ஆழமாகப் போவதாகவும், சீடர்களுக்குப் பின்னால் ஓர் அறையே இருப்பதாகவும் தோன்றுகிறது. பக்கவாட்டில் வந்து பார்த்தேன். செதுக்கின ஆழம் என் ஒரு சாண்கூட இராது. அந்த ஒரு சாணுக்குள் மேசை விரிப்பின் மடிப்பு, அதன்மேல் தட்டு, தட்டைத் தொடும் கை. வழிகாட்டி கைவிளக்கை ஒரு சிலையின் பின்னால் பிடித்துக் காட்டினார். கருங்கல்லாகத் தெரிந்த தோள் சட்டென்று தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. உப்பு என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரே அறையில் ஒரே மனிதர் செதுக்கியிருக்கிறார். இடையில் ஓர் உலகப் போரும், ஆட்சி மாற்றமும் மேலே நடந்து முடிந்திருக்கின்றன.

தொழில் செத்த பிறகு வயிற்றுக்காகச் சுற்றுலா வந்த இடம் என்று வியெலிச்காவை நினைப்பவர்கள் உண்டு. அது சரியில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வேலை பார்த்தவர்களும் அங்கே ஐந்நூறு ஆண்டுகள் பக்கம் பக்கமாக இருந்திருக்கிறார்கள். 1490-ஐ ஒட்டி கிராக்கோவில் தங்கியிருந்த ஜெர்மன் கவிஞர் கோன்ராட் செல்டிஸ் கயிற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு அதைக் கவிதையாக எழுதினார். கோப்பர்நிக்கஸ் மாணவராக இருந்தபோது இறங்கினார் என்று நம்பி அவருக்கு ஒரு பெரிய உப்புச் சிலை வைத்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் இறங்க அரசரின் அனுமதி வேண்டும். 1772-இல் போலந்து துண்டாடப்பட்டு வியெலிச்கா ஆஸ்திரியாவின் கைக்குப் போனது. புதிய முதலாளிகள் பார்வையாளர்களைக் காசாக்கத் தெரிந்தவர்கள். 1774 முதல் வந்தவர்கள் கையெழுத்திடப் பதிவேடு வைத்தார்கள். 1790-இல் ஜெர்மானிய மகாகவி கதே வந்தார். பெரிய மனிதர்களுக்காகக் கூடங்களில் இசைக்குழுவும் நடனமும் வாணவேடிக்கையும் நடந்தன. வாயு கசியும் சுரங்கத்துக்குள் வாணவேடிக்கை. அதே காலத்தில் கீழ்த்தளங்களில் ஆட்கள் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

உப்பு ஏரியில் படகு விட்டார்கள். அந்த நீரில் லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் உப்பு. விழுந்தாலும் மனிதன் முழுக மாட்டான், மிதப்பான். ஆனால் 1915-இல், முதல் உலகப் போரின் நடுவே, குடித்திருந்த படைவீரர்கள் படகை ஆட்டிக் கவிழ்த்தார்கள். முழுகவிடாத அதே நீர் அவர்களைக் கவிழ்ந்த படகுக்கு அடியில் மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டது. ஏழு பேர் மூச்சடைத்துச் செத்தார்கள். அதோடு படகு நின்றது.

பிற்காலத்தில் ஸ்டாஷிட்ஸ் என்ற உயரமான கூடத்துக்குள் வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட்டுச் சாதனை என்று அறிவித்தார்கள். வழிகாட்டிகள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அந்தச் சுரங்கத்தில் 1944-இல் ஜெர்மானிய ராணுவம் விமான உதிரிப்பாகங்கள் செய்யத் தொழிற்சாலை அமைக்க முயன்றது. பக்கத்து முகாமிலிருந்து யூதக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். பலூன் கதையைச் சொல்லும் நேரத்தில் பாதியையாவது இவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

மருத்துவம் செய்தவர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி என்ற சுரங்க மருத்துவர் உவர்நீர்க் குளியலால் வைத்தியம் பார்த்தார். 1958-இல் ஸ்குலிமோவ்ஸ்கி என்ற மருத்துவர் ஆஸ்துமா நோயாளிகளைக் கீழேயே தங்கவைத்தார். இன்றும் தங்குகிறார்கள்.

உப்பு வெட்டும் தொழில் முடிந்ததற்கு முக்கியக் காரணம் தண்ணீர். உப்புச் சுரங்கத்தைச் சுற்றிலும் நீர் தாங்கிய மணல் இருந்தால், நடுவில் இருக்கும் களிமண் அடைப்புதான் உயிர். 1868-இல் பொட்டாசியம் உப்பைத் தேடி வடக்கு நோக்கிக் குடைந்தபோது அந்த அடைப்பு உடைந்து வெள்ளம் புகுந்தது. அடைக்க ஆண்டுகள் ஆயின. 1964-இல் பாறை உப்பு வெட்டுவதை நிறுத்தினார்கள். உவர்நீரில் உப்பெடுப்பது மட்டும் தொடர்ந்தது. 1992-இல் மீனா என்ற குறுக்குப் பாதையில் மறுபடியும் தண்ணீர் பீறிட்டது. இந்தமுறை அது மணலையும் அரித்துக்கொண்டு வந்ததால் மேலே ஊரில் நிலம் இறங்கியது. மடாலயச் சுவர் விரிந்தது, ரயில் தண்டவாளம் தொங்கியது. 1996-இல் வணிக உற்பத்தி அடியோடு நின்றது.

இதற்கு முன்பே, 1978-இல், யுனெஸ்கோ முதன்முதலாக வெளியிட்ட உலகப் பாரம்பரியப் பட்டியலின் 12 இடங்களில் வியெலிச்காவும் ஒன்றாக இருந்தது. பிறகு 1989-இல் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலுக்கு அது போனது. ஈரம்தான் காரணம். காற்றோட்டத்துக்காக உள்ளே செலுத்திய காற்றும் ஈரத்தைக் கொண்டுவந்தது, லட்சக்கணக்கான மனிதர்களின் மூச்சும் ஈரம்தான். காற்றை உலர்த்தி அனுப்பும் ஏற்பாடுகள் செய்த பிறகு 1998-இல் அந்தப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள்.

சுற்றுலாப் பாதை முடியும் இடத்தில் பெரும்பாலானோர் நேராக மின்தூக்கிக்குப் போகிறார்கள். அங்கேயே மூன்றாவது தளத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். அது அல்ஃபோன்ஸ் துவுகோஷ் என்ற ஓவியர் உண்டாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கைவிடப்பட்ட பாதைகளில் இவர் விளக்கோடு அலைந்தார். வெட்டி விறகாக்கிவிடுவார்களோ என்று பயந்து பழைய குதிரைச் செக்குகளையும் கயிறுகளையும் கருவிகளையும் சேர்த்தார். 1951-இல் அவை காட்சிக்கு வந்தன. மாடி வீட்டு உயரத்துக்கு நிற்கும் அந்தச் செக்குகளின் பல்சக்கரத்தில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகச் செதுக்கிப் பொருத்திய மரம். குதிரை நடந்த வட்டப் பாதையில் தரை இன்னும் குழிந்திருக்கிறது. ஹோண்டியஸ் வரைந்ததைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் இதுதான் இடம்.

அருங்காட்சியகச் சேகரிப்பில் ஒரு கொம்பு உண்டு. அழிந்துபோன காட்டெருதின் கொம்பு, வெள்ளிப் பூண் கட்டியது. அதை ஒரு வெள்ளி மனிதன் முதுகில் சுமப்பதுபோல் செய்திருக்கிறார்கள். 1534-இல் சுரங்க நிர்வாகி செவெரின் போனர், தொழிலாளர் சங்கத்துக்குக் கொடுத்த பரிசு. அரசர்கள் வாங்கிப்போன உப்புக்குக் கணக்கே இல்லை. திரும்பித் தொழிலாளிக்கு வந்த பொருள் என்று பெயர் சொல்லிக் காட்ட இது ஒன்றாவது இருப்பதில் எனக்குச் சந்தோஷம்.

சுரங்கத்தில் இன்றும் சில நூறு தொழிலாளர்கள் இறங்குகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் கடவுள் துணை இருக்கட்டும் என்று முகமன் சொல்லிக்கொள்கிறார்கள், பாட்டன் காலத்து வழக்கம் மாறவில்லை. வேலைதான் தலைகீழாகிவிட்டது. முன்பு வெளியே எடுத்தார்கள், இப்போது உள்ளே நிரப்புகிறார்கள். வரலாற்று மதிப்பில்லாத கீழ்த்தள அறைகள் நசுங்கினால் மேலே உள்ள தேவாலயங்களும் ஊரும் சேர்ந்து இறங்கும். அதனால் அந்த அறைகளுக்குள் மணலைக் குழாய் வழியே செலுத்துகிறார்கள். மணலைக் கரைத்து அனுப்ப நல்ல தண்ணீர் ஆகாது, செறிந்த உவர்நீர்தான் வேண்டும். மணல் அடியில் தங்க, வடியும் உவர்நீரை மீண்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் கசியும் ஊற்றுகளையும் சொட்டுச் சொட்டாகப் பிடித்து மேலே ஏற்றி, ஆலையில் காய்ச்சி உப்பாக்குகிறார்கள், நீரை அப்படியே ஆற்றில் விட முடியாது என்பதால். நில அளவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இறங்கி, கூரை எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று அளந்து, எந்த அறை நிற்க வேண்டும், எந்த அறையை மணலுக்கு விடலாம் என்று குறித்துத் தருகிறார்கள். குறித்த அறைக்கு அடுத்து குழாய் போகிறது.